தெருக்குரலும் கிழவியின் குரலும்

(திருத்தணியில் மாணவர்கள் கூட்டிய மாலை அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

 

கவிதை பற்றிப் பேசச் சொல்லித்தான் அழைத்தீர்கள். நான் பாட்டு பற்றிப் பேசப் போகிறேன். அதிலும் ஒரே ஒரு விஷயம்தான். முதல் தொகுப்பு போட்டுப் பேர் வாங்கின ஒரு குழு, ஒரு பாடகன், ரெண்டாவது தொகுப்பில் என்ன ஆகிறான்? வளர்கிறானா, நீர்த்துப் போகிறானா? இந்தக் கேள்வி சினிமாப் பத்திரிகைக்காரனுக்கு வேறு மாதிரி. நமக்கு வேறு மாதிரி. ஏனென்றால் நம் பாட்டுக்காரன் ரெண்டாவது தொகுப்பு போடும்போது ஒவ்வொரு தடவையும் நமக்குள்ளேயே ஒரு முணுமுணுப்பு கிளம்புகிறது: 'மொத மாதிரி இல்லப்பா. சூடு கொறஞ்சு போச்சு.' அந்த முணுமுணுப்போடு சண்டை போடத்தான் வந்திருக்கிறேன்.

2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் முறையாக மேடை ஏறியது. மார்கழி மாதம். நகரத்தின் மற்றொரு பக்கம் சபாக்களில் கச்சேரி நடந்துகொண்டிருந்த நேரம். பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து தேடிப் பிடித்த 19 பேர். கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், கிட்டார், டிரம்ஸ், பறை, சட்டி, கட்ட மோளம். பேர் எங்கிருந்து வந்தது? அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதியில்லாத் தமிழர்' என்ற சொல்லாடலிலிருந்து. 1907-இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தியவரின் சொல், நூறு வருஷம் கழித்து கித்தார் ஒயரில் ஏறி உட்கார்ந்தது. இது சின்ன சமாச்சாரம் இல்லை.

அந்த முதல் மேடையின் வேலை என்ன? 'நாங்க இருக்கோம்' என்று சொல்வது. அவ்வளவுதான். சாவு வீட்டுச் சத்தம் என்று ஒதுக்கப்பட்ட சட்டியும் மோளமும் மைக் முன்னால் நின்று, மேல்நாட்டு டிரம்ஸோடு சரிக்குச் சரி மோதுவது. இடஒதுக்கீடு பற்றி ஒரு பாட்டு, மாட்டுக்கறி பற்றி ஒரு பாட்டு, சபரிமலை பற்றி ஒரு பாட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பொருள், ஒரு எதிரி, ஒரு வாதம். அது வாதாடுகிற இசை. அப்படித்தான் இருக்க முடியும். பேசவே விடாதவன் முதலில் வாயைத் திறக்கும்போது தாலாட்டா பாடுவான்?

ஒரு பழைய விவாதத்தை இங்கே ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகளிலும் கலை இரவுகளிலும் பறை பற்றி நடந்த சண்டை மூத்த தோழர்களுக்குத் தெரியும். பறை அடிக்க மாட்டோம் என்று மறுப்பதே விடுதலை என்று ஒரு தரப்பு. ஊர்ச் சாவுக்குப் போய் அடிக்க மறுத்ததற்காக அடிவாங்கிய, குடிசை இழந்த சேரிகள் உண்டு. அவர்களுடைய மறுப்பு பெரிய கலகம். இன்னொரு தரப்பு, இழிவு கருவியில் இல்லை, அடிக்கச் சொல்கிறவனிடம் இருக்கிறது. நாமாக எடுத்து நமக்காக அடித்தால் அது போர்க் கருவி என்றது. எனக்கு ரெண்டு பேரும் சரி. எந்தச் சாவுக்கு, யார் கூப்பிட்டு, என்ன கூலிக்கு, நிமிர்ந்தா குனிந்தா என்பதுதான் விஷயம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

அந்த 19 பேரில் ஒருவர் அறிவு. நமக்கு அடுத்த ஊர், அரக்கோணம். மின்சார ரயில் ஏறினால் கால் மணி நேரம், சிக்னல் கிடைத்தால்! 2019-இல் அவரும் 'ஆஃப்ரோ' என்கிற இசைக்காரரும் சேர்ந்து 'தெருக்குரல்' என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். பேரைப் பாருங்கள். வள்ளுவரை மாலை போட்டுக் கும்பிடுகிற ஊரில், குறளைக் குரலாக்கித் தெருவில் இறக்கிவிட்ட பேர். அதில் 'ஆன்ட்டி இண்டியன்' உண்டு. 'ஸ்னோலின்' உண்டு. 2018 மே 22-ஆம் தேதி தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டை எதிர்த்து ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் சுட்டதே, 13 பேர் செத்தார்களே, அதில் போன சின்னப் பெண்ணின் பேர் அது.

கவிதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தப் பாட்டைக் கேட்டாலும் யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று இலக்கணம் பார்ப்பேன். தன்மை, முன்னிலை, படர்க்கை. 'தெருக்குரல்' முழுக்க முன்னிலை. 'நீ' என்று ஒருவனைப் பிடித்து நிறுத்திக் கேட்கிற தொனி. அந்த 'நீ' சில நேரம் அரசு, சில நேரம் ஆதிக்க சாதிப் பொதுப்புத்தி, சில நேரம் எல்லாம் தெரிந்தும் வாய் மூடி இருக்கிற நடுத்தர வர்க்கம். குறுக்கு விசாரணை செய்கிற வக்கீலின் வேகம். சொற்கள் மூச்சு விடாமல் வருகின்றன, எதுகை எதுகையின் மேல் ஏறி மிதிக்கிறது. சிலேடை அளவுக்கு மேல் போகிற இடங்களும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. இருபத்தைந்து வயது கோபத்துக்கு எல்லாச் சொல்லும் ஒரே நாளில் தேவைப்படும்.

ரெண்டாவது தொகுப்பு 2024-இல் வந்தது. 'வள்ளியம்மா பேராண்டி', முதல் தொகுதி. அஞ்சு வருஷ இடைவெளி. இப்போது கூட ஒரு வாத்தியக் குழு இருக்கிறது. இந்தப் பேரையும் பாருங்கள். முதல் தொகுப்பின் பேரில் தெரு இருந்தது, இதில் ஒரு கிழவி இருக்கிறாள். பாடகன் தன்னை 'நான் இன்னார்' என்று சொல்லவில்லை. 'இன்னாள் பேரன்' என்கிறான். அப்பன் பேரை இனிஷியலாகப் போட்டுக்கொள்கிற சமூகத்தில், குலமும் கோத்திரமும் ஆண் வழியாக ஓடுகிற பார்ப்பனிய ஒழுங்கில், ஒருத்தன் கிழவி பேரை முன்னால் போட்டுக்கொண்டு வருவது தானாகவே ஒரு அரசியல். 'நீ' என்று கத்திய குரல் 'அவள்' என்று சொல்லத் தொடங்கிவிட்டது. முன்னிலை படர்க்கை ஆயிற்று. இதைத்தான் நம் ஆட்கள் 'சூடு குறைஞ்சு போச்சு' என்கிறார்கள். சூடு குறையவில்லை தோழர்களே, தீ அடுப்புக்குள் போயிருக்கிறது.

வள்ளியம்மா யார்? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பி வந்தவர், நிலமில்லாதவர் என்பதை அறிவே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். இந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைக்காரன் முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் தமிழ் நிலத்திலிருந்து கூலிகளாகக் கொண்டுபோனவர்களில் பெரும்பகுதி தாழ்த்தப்பட்ட மக்கள். 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களை ஒரே அடியில் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் டெல்லியில் உட்கார்ந்து பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. பத்து வருஷம் கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். நான் வங்கியில் குமாஸ்தா. மீதியை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோவது எனக்குத் தினசரி வேலை. ஆனால் ஒன்றரை லட்சம் மனுஷர்களைப் 'பாக்கி' என்று எழுதி அடுத்த பக்கத்துக்குத் தள்ளிய கணக்கை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. எந்தத் தோட்டத்தை உருவாக்கினார்களோ அதில் ஒரு செடிகூடச் சொந்தமில்லாமல், மண்டபம் முகாம் வழியாக வந்து இறங்கி, இங்கேயும் சேரி ஓரத்தில் ஒதுங்கினார்கள்.

அந்தக் கிழவியின் குரல் முதலில் உலகத்துக்குக் கேட்டது ரெண்டு தொகுப்புக்கும் நடுவில், 2021 மார்ச் 7-ஆம் தேதி வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி'யில். தீயும் அறிவும் பாடியது, தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். ஒப்பாரி மெட்டு கலந்த அந்தப் பாட்டுக்கு கோடிக்கணக்கான பேர் ஆடினார்கள். கல்யாண வீட்டில் ஆடினார்கள். ஒப்பாரிக்கு ஆடுகிறோம் என்று தெரிந்து ஆடியவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். 'என் சாமி' என்ற சொல்லில் இருக்கிற ரெட்டைத்தன்மையைக் கவனியுங்கள். நம் கிழவிகள் பேரனைக் கொஞ்சுவதும் 'என் சாமி'தான். ஆண்டை எதிரில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தாத்தன் கூப்பிட்டதும் 'சாமி'தான். கும்பிட்டுக் கூப்பிட வைத்த சொல்லைக் கிழவி எடுத்துத் தன் பேரப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். எவ்வளவு பெரிய திருட்டு அது, எவ்வளவு நியாயமான திருட்டு.

இந்த இடத்தில் கடல் தாண்டி ஒரு உதாரணம். அமெரிக்கக் கறுப்பர்களின் 'பப்ளிக் எனிமி' குழு. 1987-இல் முதல் தொகுப்பு. நல்ல தொகுப்புதான். ஆனால் வரலாற்றை மாற்றியது 1988-இல் வந்த ரெண்டாவது தொகுப்பு. அதன் தலைப்பின் பொருள், எங்களைத் தடுத்து நிறுத்த லட்சக்கணக்கான பேர் கொண்ட ஒரு தேசமே தேவைப்படும் என்பது. அந்தத் தலைப்பு முதல் தொகுப்பின் ஒரு பாட்டு வரியிலிருந்தே எடுத்தது. முதலாவதில் ஒரு மூலையில் கிடந்த வரி ரெண்டாவதில் கொடியாக ஏறுகிறது. நடுவில் என்ன நடந்தது? ஊர் ஊராகப் போய் மேடையில் பாடினார்கள். கூட்டத்தின் முன்னால் எது எடுபடுகிறது, எது தூங்க வைக்கிறது என்று பார்த்தார்கள். வேகத்தைக் கூட்டினார்கள். சைரன், சத்தம், மால்கம் எக்ஸின் பேச்சுத் துணுக்கு, லண்டன் மேடையில் எழுந்த கூட்டத்தின் கூச்சல் எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் போட்டார்கள். அவர்களுடைய வளர்ச்சி சத்தத்தைக் கூட்டியது, அறிவின் வளர்ச்சி கிழவிக்குக் காது கொடுத்தது. வளர்ச்சி என்றால் மெதுவாகப் பாடுவது, பக்குவப்படுவது என்று ஒரு சூத்திரமும் கிடையாது. எங்கே போனால் முதல் தொகுப்பில் சொல்ல முடியாததைச் சொல்ல முடியுமோ அங்கே போவது.

இன்னொன்றும் நடந்தது. 1989-இல் அதே குழுவைச் சேர்ந்த ஒருவர் யூதர்களைப் பற்றி இழிவாகப் பேட்டி கொடுத்து, குழுவே உடையும் நிலைக்கு வந்தது. ஒடுக்கப்பட்டவன் பாட்டு என்பதாலேயே எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். நம் கானாவில் பெண்களைப் பற்றி வருகிற வரிகளை நினைத்துப் பாருங்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு, நகரியையும் புத்தூரையும் தாண்டினால் தெலுங்கு. 1960 ஏப்ரல் 1 வரைக்கும் இந்த ஊரே ஆந்திராவோடு இருந்ததுதான். அந்தப் பக்கத்துப் பெரும்பாட்டுக்காரர் கத்தர், 1949-இல் பிறந்து 2023 ஆகஸ்ட் 6-இல் மறைந்தவர். அவரும் வங்கிக் குமாஸ்தாதான்! 1975-இல் வேலைக்குச் சேர்ந்து 1984-இல் உதறிவிட்டுப் போனார். (என்னைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், நான் இன்னும் உதறவில்லை.) தெருவில் ரிக்‌ஷாக்காரனைப் பார்த்துப் பாட ஆரம்பித்தவர், புரட்சி இயக்கத்தின் குரலானார். 1985 காரம்சேடு படுகொலைக்குப் பிறகு தலைமறைவானார். 1997-இல் வீட்டுக்குள் புகுந்து சுட்டார்கள், ஒரு குண்டு கடைசி வரை முதுகெலும்பில் இருந்தது. பிறகு அம்பேத்கர், புத்தர், தெலங்கானா என்று போனார். போகிற ஒவ்வொரு இடத்திலும் பழைய ஆட்கள் 'அந்த கத்தர் இல்லை இது' என்றார்கள். கம்பளியைத் தோளில் போட்டு, கையில் குச்சியோடு அவர் ஆடியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த கத்தர்தான் அது.

இப்போது கணக்கு வழக்குக்கு வருகிறேன். கலையைப் பற்றிப் பேசும்போது காசைப் பேசக் கூடாது என்பது காசு இருக்கிறவன் கண்டுபிடித்த நாகரிகம்.

2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இரஞ்சித் உள்ளிட்டோர் கேட்ட பிறகு அறிவின் படம் போட்டுத் தனியாக ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலை 28 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு பாடப்பட்டது, அறிவு மேடையில் இல்லை. அன்றைக்குப் பாடிய கிடாக்குழி மாரியம்மாளும் நம் கிராமியக் குரல்தான், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாலு நாளில், பாட்டை எழுதி மெட்டமைத்துப் பாடியது தானே என்று அறிவு அறிக்கை விட்டார். சந்தோஷ் நாராயணன் தன் தரப்பைச் சொன்னார், உரிமையும் வருமானமும் மூன்று பேருக்கும் சமம் என்றார். 2024 மார்ச்சில் அவரே, மூன்று வருஷம் ஆகியும் மூன்று பேருக்கும் ஒரு காசும் வரவில்லை என்றார். மெட்டு யாருடையது என்று நான் இங்கே தீர்ப்பு எழுத வரவில்லை. ஆனால் உலகம் பூராவும் ஓடின ஒரு பாட்டில் பாடியவர்கள் கைக்கு ஒன்றும் வரவில்லை என்பதில் ரெண்டு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லையே, அதைக் கவனியுங்கள்.

2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தங்களுக்கு உரிய சம பங்கை எழுதிக் கொடுத்தாலும் இழக்க முடியாது என்று அதில் இருக்கிறது. பாடகருக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு. நிறுவனம் நீட்டுகிற காகிதத்தில் 'எல்லா உரிமையும் உங்களுக்கே' என்று கையெழுத்துப் போடுகிற நம் பையன்கள் இதைப் படிக்க வேண்டும். வங்கிக்கு வருகிற கிழவி கைநாட்டு வைக்கும்போதுகூட நாங்கள் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. பாட்டு ஒப்பந்தத்தை யார் வாசித்துக் காட்டுகிறார்கள்? ஒன்று மட்டும் சட்டத்தில் இல்லை. ஒப்பாரியை நூறு வருஷமாகக் கட்டிக்கொண்டு வந்த கிழவிகளுக்கு என்ன பங்கு? சட்டம் பேசாது. பேரன்கள்தான் பேச வேண்டும். அறிவு கிழவி பேரைத் தலைப்பிலேயே போட்டதை அந்தக் கடனின் முதல் தவணை என்று எடுத்துக்கொள்கிறேன்.

பெண்கள் விஷயம் தனியாக ஒரு அமர்வுக்குரியது, ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் இசைவாணி 2020-இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தவர். 2018-இல் பாடிய ஐயப்பன் பாட்டுக்காக 2024 நவம்பரில் அவர்மீது புகார் கொடுத்தார்கள். ஆறு வருஷம் கழித்து! ஆண் பாடினால் அரசியல், பெண் பாடினால் அவமதிப்பு. நம் பெண்களின் ரெண்டாவது தொகுப்புக்காக நாம் எவ்வளவு பசியோடு காத்திருக்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

பறை பற்றிச் சொன்னதற்குத் திரும்புகிறேன். 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது 2021 மார்ச் 7. சரியாக ஒரு மாசம், ஏப்ரல் 7. அதே அரக்கோணத்தை ஒட்டிய சோகனூர்ப் பக்கத்து ரெண்டு தலித் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். தேர்தல் முடிந்த மறுநாள். இங்கே இருக்கிற பலர் அந்த நாட்களில் ரோட்டில் உட்கார்ந்தவர்கள், நான் விவரிக்க வேண்டியதில்லை. ஒரே ஊரிலிருந்து உலகம் ஆடுகிற பாட்டும் வந்தது, ரெண்டு பிணமும் வந்தது. பாட்டு கொலையைத் தடுக்கவில்லை. தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் இந்த மாதிரி நாட்களில் நாம் பாட்டுக்காரர்களிடம் எப்படி நடந்துகொள்கிறோம்? உடனே ஒரு பாட்டு வேண்டும். நாளைக்கு ஆர்ப்பாட்டம், இன்றைக்கு ராத்திரிக்குள் எழுதிக் கொடு. வேன் வாடகை கிடையாது, சாப்பாடு பொட்டலம். ஆர்ப்பாட்டம் முடிந்தால் அடுத்த சாவு வரைக்கும் அவனை யாரும் தேட மாட்டோம். யோசித்துப் பாருங்கள் தோழர்களே. சாவு விழுந்தால் மட்டும் சேரிக்கு ஆள் அனுப்பி மோளக்காரனைக் கூப்பிட்டதே ஊர், அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கூப்பிடுகிறவன் மாறியிருக்கிறான், அவ்வளவுதானே? காதலைப் பாடினால், கிழவியைப் பாடினால், மழையைப் பாடினால் 'இயக்கத்தை விட்டுப் போயிட்டான்' என்கிறோம். சாவு தவிர வேறு எதையும் அடிக்க உனக்கு அனுமதி இல்லை என்று நாமே சொல்கிறோம். ரெண்டாவது தொகுப்பு என்பது அந்த அனுமதியைக் கேட்காமல் எடுத்துக்கொள்வது.

இதைச் சொல்வதால் போராட்டப் பாட்டு வேண்டாம் என்கிறேன் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். எழுதுவீர்கள், தெரியும், அடுத்த இதழில் பதில் சொல்கிறேன். முதல் தொகுப்பு இல்லாமல் ரெண்டாவது இல்லை. தூத்துக்குடிப் பிள்ளையைப் பாடின வாய்தான் தோட்டத்துக் கிழவியைப் பாட வந்தது. அந்தப் பிள்ளையைக் கொன்றது எது என்று தேடிப் பின்னால் நடந்தால் நிலம் வரும், கூலி வரும், கப்பல் வரும், கிழவி வருவாள். ஒரே பாதையில் இன்னும் கொஞ்ச தூரம் உள்ளே போனது அது.

ஆடிக் கிருத்திகைக்கு இந்த ஊருக்கு லட்சக்கணக்கில் காவடி வருகிறது. படி ஏறுகிறவர்களுக்கு முன்னால் மோளம் அடித்துக்கொண்டு போகிறவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர்? சினிமா மெட்டில் முருகன் பாட்டு அடித்துக் கொடுத்துவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த காவடிக்கு ஓடுகிறார்கள். கை அவ்வளவு சுத்தம். அவர்களுக்குச் சொந்தமாகக் கட்டின பாட்டு இருக்கிறதா என்று நாம் கேட்டதே இல்லை. நான் கேட்டேன். இருக்கிறது. இந்த மண்டபத்துக்கு வெளியே சட்டியும் மோளமும் வைத்துக்கொண்டு நாலு பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். அவர்களிடம் அம்பேத்கர் பாட்டு ரெண்டு, நந்தன் பாட்டு ஒன்று உண்டு, நீங்கள் கேட்டதுதான். அது இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு பையனின் ஆயா பள்ளிப்பட்டுப் பக்கம் தறியில் நூல் சுற்றினவர், தெலுங்கும் தமிழும் கலந்து பாடுவாராம். அவர் பாட்டை இவர்கள் ஏதோ செய்து வைத்திருக்கிறார்கள், இன்னும் யார் முன்னாலும் பாடவில்லை. வேன் வாடகையும் ஆளுக்கு ஐந்நூறும் அமைப்பாளர்கள் எடுத்து வைத்துவிட்டார்கள், நான் எண்ணிப் பார்த்துவிட்டேன்.

எட்டு மணி வண்டிக்குப் போகிற அரக்கோணம் தோழர்களுக்கு இன்னும் அரை மணி இருக்கிறது. யாராவது பின்பக்கம் போய்க் கொஞ்சம் சருகும் காகிதமும் கொளுத்திக் கொடுங்கள். பறை ஈரத்தில் தொய்ந்து கிடக்கிறது, காய வேண்டும்.